டப்பா தேடிப் போன இடத்தில் கரை இல்லை

அன்று காலையில் நான் நல்ல மனநிலையில்தான் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு நடந்ததைக் கேட்டவர்களில் பாதிப் பேர், "நீ எப்பவுமே கோவக்காரிதானே" என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிடப் பார்த்தார்கள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் மூன்று பேர். தஞ்சாவூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருத்தி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக நான்கு நாள் லீவில் வந்திருந்தாள். இன்னொருத்தி கும்பகோணத்தில் கணக்கு டீச்சர். நான் கால்நடை மருத்துவர். டெல்டாவில் ஓர் அரசு மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரத்தில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா' என்றால் தெரியும்.

பெங்களூர்க்காரிதான் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாள். வேலை விஷயமாக வெளிநாடு போயிருந்தபோது கற்றுக்கொண்டாளாம். "உலகம் பூரா ஆளுங்க டப்பா ஒளிச்சு வெச்சிருக்காங்கடி. இந்த ஆப்ல எந்த இடம்னு புள்ளி காட்டும். போய்த் தேடணும். கெடைச்சா உள்ள ஒரு குட்டி நோட்டு இருக்கும். பேரு எழுதிட்டு அதே எடத்துல வெச்சிட்டு வந்துடணும். அவ்வளவுதான்."

"டப்பாக்குள்ள வேற என்ன இருக்கும்?" என்று டீச்சர் கேட்டாள்.

"ஒண்ணும் இருக்காது. பொம்மை, பேட்ஜுன்னு எதாவது போட்டிருப்பாங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு தூரம் போறோம்?"

"ஊர் பாக்கப் போறோம். டப்பா ஒரு சாக்கு."

நம் பக்கத்தில் இப்படிப்பட்ட டப்பா இருக்கும் என்றே நான் நம்பவில்லை. ஆனால் செல்போனில் தஞ்சாவூரில் தொடங்கிக் கிழக்கே மூன்று பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. மூன்றையும் ஒருவரே வைத்திருந்தார். இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் நாலு வரி அவ்வளவு ஆசையாக எழுதியிருந்தார். நான் காரை ஓட்டினேன்.

முதல் புள்ளி ஊருக்குள்ளேயே இருந்தது. கல்லணைக் கால்வாயை எங்கள் ஊரில் புது ஆறு என்போம். அதன் மேலுள்ள ஒரு சின்னப் பாலத்தில், கைப்பிடிக் கம்பிக்கு அடியில் காந்தம் வைத்து ஒட்டிய சின்ன டப்பா இருக்கிறதென்று குறிப்பு. நாங்கள் மூவரும் குனிந்து கம்பியின் அடியைத் தடவிக்கொண்டிருந்தோம். ஒரு டூவீலர் வந்து நின்றது. நடுத்தர வயதுக்காரர், பின்னால் காய்கறிப் பை.

"என்னம்மா தேடுறீங்க?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என்ன சொல்வது? டீச்சர்தான் முந்திக்கொண்டாள். "கம்மல் விழுந்துடுச்சு அண்ணே."

"அடடா. தங்கமா?" என்று கேட்டபடி அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கி எங்களோடு தேடத் தொடங்கிவிட்டார். மண்டியிட்டுத் தார்ச்சாலையின் ஓரத்து மண்ணை விரலால் கிளறினார். "வெயில் ஏறினா பளபளன்னு தெரியும், கவலப்படாதீங்க" என்று தேறுதல் வேறு சொன்னார். அதற்குள் என் விரலில் டப்பா தட்டுப்பட்டது. அவருக்குத் தெரியாமல் கையில் மூடிக்கொண்டு, "கெடைச்சிடுச்சு அண்ணே" என்றேன். அந்த மனிதருக்கு எங்களைவிடச் சந்தோஷம். கம்மலைக் காட்டச் சொல்லிக் கேட்கக்கூட இல்லை. முட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

கூட இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காரில் ஏறியதும் எனக்குச் சுருக்கென்றது. பாலத்துக்கு எதிர்க்கரையில் ஆறேழு ஆண்கள் காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் எதையும் கேட்கவில்லை. பெண்கள் நாங்கள் ஓரிடத்தில் நின்று கீழே பார்க்க ஒரு கம்மல் தொலைய வேண்டியிருக்கிறது.

"நீ எதுக்குப் பொய் சொன்னே? விளையாடுறோம்னு சொல்லவேண்டியதுதானே?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"சொன்னா நம்புவாரா? விடுடி. நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கும்பகோணத்தில் காபி குடித்துவிட்டு வலங்கைமான் பக்கம் திரும்பினோம். சம்பா அறுத்து முடித்த வயல்களில் உளுந்து தளதளவென்று பச்சைபிடித்துக் கிடந்தது. வைக்கோலை இயந்திரம் சுருட்டி உருளை உருளையாகப் போட்டிருந்தது. பெங்களூர்க்காரி ஜன்னலை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வாய்க்கால் பாலத்திலும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒரு இடத்தில் நூற்றுக்கணக்கில் வாத்துகளை ஒருவர் அறுத்த வயலுக்குள் ஓட்டிக்கொண்டு போனார். அதற்காக அரை மணி நேரம் நின்றோம். எனக்கு அலுக்கவில்லை. வேலைக்காக நான் தினமும் ஓடுகிற சாலைதான் அது. மருந்துப் பெட்டியும் ஊசியும் இல்லாமல் அதில் போவது இதுவே முதல் தடவை.

இரண்டாவது புள்ளி ஒரு தண்ணீர் திறக்கும் மதகின் பக்கத்தில் காட்டியது. சுவரின் பின்னால், செங்கல் பெயர்ந்த பொந்தில் எவர்சில்வர் டிபன் டப்பா இருக்க வேண்டும். பொந்து இருந்தது, டப்பா இல்லை. சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருக்கும்போது மதகுக்குப் பக்கத்து ஷெட்டிலிருந்து ஒருவர் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் துண்டு. ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர். ஆற்றில் முறை முடிந்து தண்ணீரை நிறுத்திவிட்டதால் அவருக்கு அவசரம் எதுவும் இல்லை.

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். "இங்க ஒரு டப்பா இருக்கும்னு தேடுறோம்ங்க. இது ஒரு விளையாட்டு."

"டிபன் டப்பாதானே? நோட்டு வெச்சது? ஐப்பசி மழைல தண்ணி பூந்துடுச்சும்மா. நான்தான் எடுத்து உள்ள வெச்சிருக்கேன்."

ஷெட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்தார். நனைந்த நோட்டை ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்து, அதன்மேல் ஒரு பாலித்தீன் கவரும் சுற்றியிருந்தார். எங்களுக்குமுன் பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். நாங்கள் எழுதியதும், "நானும் ஒரு கையெழுத்து போடலாமா?" என்று கேட்டார். போட்டார். அதன்கீழ் தன் பதவியையும் எழுதினார். அன்றைக்கு நான் பார்த்த ஒரே அழகான காரியம் அது என்பேன்.

"அடுத்தது எங்கம்மா போறீங்க?"

பெங்களூர்க்காரி ஊரின் பெயரைச் சொன்னாள். அவர் டப்பாவை அழுத்தி மூடினார். "அங்க போவாதீங்கம்மா" என்றார்.

"ஏங்க?"

"அங்க ஒண்ணும் இல்ல. வெயில் நேரம். வேற எங்கயாவது பாருங்க."

நாங்கள் போனோம். அந்த ஊரையும் ஆற்றையும் நான் பெயர் சொல்லி எழுதப்போவதில்லை. காரணம், அங்கே ஒருவருக்கு நான் நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யக்கூடாது. காவிரியிலிருந்து பிரியும் ஓர் ஆறு. கரையோரம் நாலு தெரு உள்ள ஊர். என் மருந்தகத்திலிருந்து அதிக தூரமில்லை. கோமாரி ஊசி போட அந்த ஊர்த் தெருக்களுக்குப் பல தடவை போயிருக்கிறேன். கரைக்கு ஏறி ஆற்றைப் பார்த்ததில்லை. மணல் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்திருக்கிறது. எங்கேதான் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறேன். அந்த வெட்கத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டப்பா வைத்தவர் அந்த இடத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் பெங்களூர்க்காரி காரில் சத்தமாகப் படித்தாள். படுகையில் ஒரு பெரிய நாவல் மரம். அதன் வேருக்கிடையில் டப்பா. அங்கே உட்கார்ந்து பார்த்தால் எதிரே அகலமான மணல்திட்டு. சாயங்கால வெயிலில் அதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவிலேயே இல்லை. கட்டுச்சோறு கொண்டுபோங்கள்.

கரைமேல் காரை நிறுத்திவிட்டுப் படுகையில் இறங்கி நடந்தோம். தரையில் லாரிச் சக்கரத் தடம் முழங்கால் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. செல்போன் தூரத்தைக் காட்டிக்கொண்டே வந்தது. எண்பது மீட்டர், ஐம்பது மீட்டர், இருபது. கருவேலம் புதரைச் சுற்றி வந்தபோது பன்னிரண்டு. அத்தோடு தரை முடிந்துவிட்டது.

எங்கள் காலடியிலிருந்து செங்குத்தாகப் பள்ளம். இரண்டு ஆள் ஆழத்துக்குமேல் இருக்கும். அடியில் பச்சைநிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பள்ளத்தின் எதிர்ச்சுவரில் மணல் அடுக்கு, வண்டல் அடுக்கு, மறுபடியும் மணல் என்று வரிவரியாகத் தெரிந்தது. நாவல் மரம் இல்லை. அதன் வேர்க்கட்டை மட்டும் ஓர் ஓரத்தில் தலைகீழாகக் கிடந்தது. மணல்திட்டு என்று அவர் எழுதியிருந்த இடத்தில் ஆற்றின் குறுக்கே லாரி போக மண்பாதை போட்டிருந்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் குழிகள்.

பெங்களூர்க்காரி செல்போனைக் கையில் பிடித்தபடி பள்ளத்துக்குமேல் காற்றில் நீட்டினாள். "நாலு மீட்டர்னு காட்டுது. அந்த அந்தரத்துலதான் இருக்கணும்" என்றாள். அவள் குரல் சுருங்கிவிட்டது.

"போலாம் வாங்கடி" என்றாள் டீச்சர்.

நான் போகவில்லை. என் அப்பா பண்ணையாளாக இருந்தவரின் பிள்ளை. அவர் தலையெடுத்தபிறகுதான் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வந்தது. ஒவ்வொரு கோடையிலும் போர் குழாயை இன்னும் இரண்டு நீளம் இறக்க வேண்டும் என்று அவர் சொல்லும்போது, மழை குறைந்துவிட்டது, காலம் கெட்டுவிட்டது என்று ஏதேதோ பேசுவோம். இங்கே ஆற்றின் வயிற்றையே வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். "போட்டோ எடு. எல்லாப் பக்கமும் எடு" என்று பெங்களூர்க்காரியிடம் சொன்னேன். அவள் எடுத்தாள்.

பத்துப் பதினைந்து படம் எடுத்திருப்பாள். கரைமேல் பைக் சத்தம். வெள்ளைச் சட்டை போட்ட, முப்பது வயதுக்காரன் ஒருவன் இறங்கி வந்தான். அவனுக்குப் பின்னால், அதுவரை எங்கள் கண்ணில் படாத ஒரு நீலத் தார்ப்பாய் கொட்டகையிலிருந்து இன்னொருவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். அவர்தான் காவல். பக்கத்தில் வந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. புரட்டாசி மழையில் அவருடைய பசு கன்று போட்டபோது கருப்பை வெளியே தள்ளிவிட்டது. அந்தச் சேற்றில் மண்டியிட்டு இரண்டு மணிநேரம் போராடி உள்ளே தள்ளித் தையல் போட்டேன். அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"யாருங்க நீங்க? என்ன இங்க?" என்றான் வெள்ளைச்சட்டை.

"சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்தோம் சார்" என்றாள் டீச்சர். அவனைப் போய் சார்.

"மூணு பொம்பளைங்க தனியா ஆத்துல என்ன பாக்கறீங்க? வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"

பெங்களூர்க்காரி செல்போனில் விளையாட்டைக் காட்டி விளக்கினாள். அவன் பார்த்தான், நம்பவில்லை. "டப்பா தேடறீங்களா? இந்த வயசுலயா? எந்த டிவிலேருந்து வரீங்க, சொல்லுங்க."

நான் சொன்னேன்: "நாங்க எந்த டிவியும் இல்ல. ஆத்தப் பாக்க யாரக் கேக்கணும்? இது உங்க எடமா?"

அவன் என் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு எந்த ஊருங்க?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது கேட்டிருக்கிறார்கள். மாடு பிடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டவர்கள் உண்டு. நான் மழுப்புவதில்லை. தெருவின் பெயரைச் சொன்னேன்.

"ஓ" என்றான். அதன்பிறகு, "நீதான் போட்டோ எடுக்கச் சொன்னியா?" என்றான்.

நீங்க என்றது நீ ஆகிவிட்டது. என் கூட வந்த இரண்டு பேருக்கும் 'ங்க' அப்படியே இருந்தது. எனக்கு மட்டும் உதிர்ந்துவிட்டது. "நீ கொஞ்சம் தள்ளி நில்லு. மேடம், நீங்க போனைக் குடுங்க" என்று ஒரே மூச்சில் இரண்டு விதமாகப் பேசினான்.

என் தோழிகள் வாய் திறக்கவில்லை. திறந்தவர் அந்தக் காவல்காரர். "அவங்க டாக்டருங்க தம்பி. நம்ம மாட்டாஸ்பத்திரி அம்மா. மரியாதையாப் பேசு."

"உன்னக் கேட்டனா?" என்றான் அவன். தன்னைவிட இருபது வயது பெரியவரை. அவர் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்.

"போனெல்லாம் குடுக்க முடியாது" என்றேன். "நீ யாரு கேக்கறதுக்கு?" நானும் ஒருமைக்கு இறங்கினேன். அவன் ஓரடி முன்னால் வந்தான். நானும் நகரவில்லை. எனக்குப் பின்னால் பள்ளம். அதற்குள் டீச்சர் பெங்களூர்க்காரியின் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கி, "இந்தாங்க சார், அழிச்சிடறேன் சார், பாருங்க சார்" என்று ஒவ்வொரு படமாக அவன் கண்முன்னால் அழித்தாள். மொத்தத்தையும் அழித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கரை ஏறும்போது காவல்காரர் எங்கள் பின்னாலேயே வந்தார், அனுப்பிவைப்பது மாதிரி. வெள்ளைச்சட்டை காதில் விழாத தூரத்தில், "மன்னிச்சிடுங்க டாக்டரம்மா" என்றார்.

"உங்க ஊர் ஆறுதானேங்க இது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்க தெரு அடிபம்புல தண்ணி வந்து ரெண்டு வருஷம் ஆவுதும்மா. எனக்குத் தெரியாதா? நான் ஒக்காரலேன்னா வேற ஒருத்தன் ஒக்காருவான்" என்றார். கார்க் கதவைத் தானே சாத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு பெங்களூர்க்காரி, "பொழைச்சோம்டா சாமி" என்றாள்.

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். "அவன் என்னை நீன்னு பேசினானே, ஒரு வார்த்தை கேட்டீங்களாடி?"

"எப்போ?" என்றாள் அவள்.

நிஜமாகவே கேட்டாள். நடிக்கவில்லை. அவளுக்குத் தெரியவே இல்லை. "தெரு எதுன்னு கேட்டான். நான் சொன்னேன். அதுக்கப்புறம் என்னை மட்டும் நீ, வா, போன்னான். கேக்கலியா?"

"நான் போனைப் பத்தின பயத்துல... கவனிக்கலடி."

டீச்சர் பின்சீட்டில் இருந்தாள். அவள் கவனித்திருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"நீ கவனிச்சே" என்றேன்.

"பிரச்சினை வேணாம்னு பாத்தேன். அவன் எவ்வளவு பேரைக் கூப்புடுவானோ. நாம மூணு பேர்."

"பிரச்சினை வந்தது எனக்கு. உனக்கு எங்க வந்தது? காவல்காரர் கேட்டாரேடி. அவன்கிட்ட கைநீட்டிச் சம்பளம் வாங்குறவர் கேட்டார். நீ அவனுக்கு நாலு தடவை சார் போட்டே."

எண்ணியிருந்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அதுவும் ஆத்திரமாக வந்தது. அவமானப்பட்டது நான், அழுவது அவள், இப்போது அவளை நான் தேற்ற வேண்டும். தேற்றவில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை யாரும் தொடவில்லை. அவளைக் கும்பகோணத்தில் இறக்கிவிட்டேன். போய்ட்டு வரேன் என்றுகூட அவள் சொல்லவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெங்களூர்க்காரி மட்டும் தஞ்சாவூர்வரை கூட வந்தாள். வழியில், "அழிச்ச படம் ஒரு மாசம் குப்பையில இருக்கும். எடுத்துடலாம்" என்றாள். எடுத்தாள். எல்லாப் படமும் திரும்பி வந்தது. "வேற என்ன செய்யணும் சொல்லு" என்றாள். கவனிக்கவில்லை என்பதற்கு அவள் மன்னிப்புக் கேட்ட விதம் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். திங்கட்கிழமை மனு நாள். படங்களை அச்செடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் அட்சரேகை தீர்க்கரேகையை எழுதி இணைத்திருந்தோம். மனுவைப் பதிவு செய்கிறவர் புரட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் என்னம்மா நம்பர்?"

"இடம் எங்க இருக்குன்னு காட்டுறதுங்க. மூணு மீட்டர் பிசகாது" என்றாள் பெங்களூர்க்காரி.

"சர்வே நம்பர் என்ன?"

"ஆத்துக்கு சர்வே நம்பர் எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"சர்வே நம்பர் இல்லாம எடம் எதுன்னு நாங்க எப்படிம்மா கண்டுபுடிக்கறது?"

ஊர், ஆறு, கரை, எந்தப் பாலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் கையால் எழுதிக் கொடுத்தோம். ரசீது தந்தார்கள். இருபது நாள் கழித்து என் செல்போனுக்குச் செய்தி வந்தது. மேற்படி இடம் புலத்தணிக்கை செய்யப்பட்டது, மனுதாரர் கூறுவதுபோல் மணல் எடுக்கப்பட்டதற்கான முகாந்திரம் இல்லை, மனு முடித்துவைக்கப்பட்டது. நான் அதை மருந்தகத்தில் ஒரு கிடாரிக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவும்போது படித்தேன். ஈரக்கையோடு அப்படியே நின்றேன். லாரியே உள்ளே விழுந்து மறையும் பள்ளம் கண்ணில் படாத அளவுக்கு என்ன தணிக்கை அது?

அன்று சாயங்காலமே ஓர் அலுவலர் போனில் கூப்பிட்டார். பேச்சு மிகவும் பதவிசாக இருந்தது. "நீங்களும் கவர்மெண்ட் ஸ்டாஃப்தானே மேடம். எதுக்கு இதெல்லாம்? டிரான்ஸ்பர் அது இதுன்னு அலைய வேணாம் பாருங்க. ஒரு அக்கறையில சொல்றேன்."

இப்படி அக்கறையாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு வருகிற கோபம், வெள்ளைச்சட்டைக்காரன்மேல் வந்ததைவிடப் பெரியது.

பெங்களூர்க்காரி அந்த விளையாட்டின் பக்கத்தில் நடந்ததை எழுதிப் படங்களையும் போட்டிருந்தாள். டப்பா வைத்தவர் இரண்டே நாளில் பதில் எழுதினார். நான் இப்போது ஊரில் இல்லை, அந்த மரத்தடியில்தான் சின்ன வயதில் நீச்சல் பழகினேன், படத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை என்று எழுதியிருந்தார். அந்தப் புள்ளியை அவரே அழித்துவிட்டார்.

சித்திரையில் ஒருநாள் டீச்சர் மருந்தகத்துக்கு வந்தாள். அதுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உட்காரச் சொல்வதற்கு முன்பே பேச ஆரம்பித்தாள்.

"படுகை நிலத்துக்கு சர்வே நம்பர் இருக்கு. இணையத்துலயே வரைபடம் கெடைக்குது. பள்ளம் மூணு நம்பர்ல விழுது. ஆத்துப் புறம்போக்கு ஒண்ணு, மத்தது ரெண்டும் தரிசு. பள்ளத்தோட நீளத்தைப் படத்துலேருந்து கணக்குப் போட்டிருக்கேன்." மனுவை எடுத்து நீட்டினாள். தட்டச்சு செய்திருந்தாள். மனுதாரர் பெயரில் முதலாவதாகத் தன் பெயரைப் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"உன் ஸ்கூல்ல கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க."

கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அன்று நடந்ததைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த மனுவின்மேல் விசாரணைக்கு எங்களைக் கூப்பிட்டது ஆடி மாதம். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைவரை வந்து, ஆறு கரை தொட ஓடிக்கொண்டிருந்தது. விசாரித்த அதிகாரி ஃபைலைப் பார்த்தார், சர்வே நம்பரைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார். சர்வே நம்பரெல்லாம் சரியாக இருப்பதாகப் பாராட்டினார்.

"ஆனா இப்ப தண்ணி வந்துடுச்சேம்மா. பள்ளம் இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்கறது?"

சித்திரையில் கொடுத்த மனு அது. நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் எழுந்துவிட்டாள்.

"தண்ணி வர்ற வரைக்கும் மேசையில வெச்சிருந்தது நீங்க. மூணு மாசம் காய்ஞ்சு கெடந்தப்ப ஏன் போய்ப் பாக்கல? சொல்லுங்க. அந்தப் பள்ளத்துல எதாவது புள்ளை குளிக்க எறங்கினா ஆழம் தெரியுமா? அதுக்கு யார்கிட்ட மனு குடுக்கறது?" அவள் குரல் அறைக்கு வெளியே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டது. இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். வகுப்பில் பேசுகிற குரல் அது. அதிகாரி தண்ணீர் குடித்தார். தை மாதத்துக்குப்பின் மறு தணிக்கை என்று குறிப்பு எழுதி, எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் எனக்குப் போன் வந்துவிட்டது. ஓர் எருமைக்குக் கன்று குறுக்கே கிடக்கிறது, உடனே வர வேண்டும் என்று. டீச்சரைப் பஸ் ஏற்றிவிடக்கூட நேரமில்லை. "நீ போ, நான் போய்க்கிறேன்" என்றாள். போனேன். கன்று உயிரோடு வந்தது.

அவளை முழுதாக மன்னித்துவிட்டாயா என்று பெங்களூர்க்காரி அவ்வப்போது போனில் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அதிகாரியிடம் அவள் பேசிய பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அது ஆற்றுக்காகப் பேசியது. எனக்காக அவள் பேச வேண்டியிருந்த இடம் வேறு. அதை அவளிடம் சொல்லவேண்டும். இன்னும் சொல்லவில்லை.